ஏரி பொது, தூர் வாருவது யார்?

(சங்க இளைஞர் பிரிவின் ஞாயிறு கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பிழைப்புத் தேடிப் பெங்களூர் வந்த தமிழர்களில் நமக்கு முந்திய தலைமுறை பின்னி ஆலையிலும் பொதுத்துறைத் தொழிற்சாலைகளிலும் உழைத்தது. கோலார் தங்கவயலில் பூமிக்குள் இறங்கி உழைத்தது. நம்மில் பலர் இன்று கணிப்பொறியின் முன் அமர்ந்து மென்பொருள் எழுதுகிறோம். கை அழுக்காகவில்லை என்பதால் நாம் தொழிலாளர் அல்ல என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். மாதக் கடைசியில் கூலியை எதிர்பார்த்து வாழ்கிறவர் எல்லோரும் தொழிலாளர்தாம். அந்தப் பேச்சை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்று பேச வந்தது நம் கைக்கருவிகளைப் பற்றி.

சுரங்கத் தொழிலாளி பிடித்த துளைக்கருவி அவருக்குச் சொந்தமல்ல. ஆலைத் தறி நெசவாளிக்குச் சொந்தமல்ல. ஆனால் நம் தொழிலில் ஒரு விந்தை நடந்திருக்கிறது. லினக்ஸ், ஜி.சி.சி., கிட், போஸ்ட்கிரெஸ் என்று நாம் நாள்தோறும் பிடிக்கும் கருவிகள் பல எந்த முதலாளியின் பூட்டுக்குள்ளும் இல்லை. எவரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். உழைப்பவர் கையில் கருவி வேண்டும் என்று எத்தனையோ மேடைகளில் பேசப்பட்டது. இந்த ஒரு துறையில் அதன் ஒரு பகுதி நடந்தே விட்டது. அதை நாம் காப்பாற்றுகிறோமா, தின்று தீர்க்கிறோமா என்பதுதான் கேள்வி.

நெல்லும் மாவும்

இத்தொழிலில் இல்லாத தோழர்களும் இங்கே இருப்பதால் அடிப்படையிலிருந்து தொடங்குவோம். மென்பொருளுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. மனிதர் எழுதவும் படிக்கவும் கூடியது மூல நிரல். சோர்ஸ் கோட் என்பார்கள். எந்திரம் ஓட்டுவது இன்னொரு வடிவம். அது வெறும் எண்களின் குவியல். முன்னதைப் பின்னதாக மாற்றும் வேலைக்குத்தான் கம்பைல் செய்தல் என்று பெயர். அதைச் செய்யும் கருவி கம்பைலர்.

நெல்லைக் கொடுத்தால் விதைக்கலாம், குத்தலாம், அவிக்கலாம், அரைக்கலாம். அரைத்த மாவை மட்டும் கொடுத்தால் அன்றைக்குத் தின்னலாம், விதைக்க முடியாது. அதில் என்ன கலந்திருக்கிறது என்றும் எளிதில் தெரியாது. மூடிய மென்பொருளை விற்கும் நிறுவனம் நமக்கு மாவை விற்கிறது. நெல்லைக் கிடங்கில் பூட்டி வைத்துக்கொள்கிறது.

இதை எதிர்த்து 1983 செப்டம்பர் 27 அன்று க்னூ என்ற திட்டத்தை அறிவித்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிலையத்தில் செயற்கை அறிவுக் கூடத்தில் பணியாற்றியவர். ஓட்டும் உரிமை, ஆராய்ந்து திருத்தும் உரிமை, படியெடுத்துக் கொடுக்கும் உரிமை, திருத்தியதை வெளியிடும் உரிமை என்ற நான்கும் பயன்படுத்துபவருக்கு வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் கோரிக்கை. அவர் முதலில் கட்டிய பெரிய கருவிகளில் ஒன்று ஜி.சி.சி. கம்பைலர்; 1987-இல் வெளிவந்தது. நெல் பொதுவாக இருந்து ஆலை மட்டும் தனியாருக்குச் சொந்தமாயிருந்தால் ஆலைக்காரர் வைத்ததுதானே விலை? எனவேதான் ஆலையும் பொதுவாக வேண்டியிருந்தது.

1989-இல் ஜி.பி.எல். என்ற உரிமம் வந்தது. அதன் சாரம் இதுதான்: இதை எடுத்துத் திருத்திப் பிறருக்குக் கொடுக்கிறாயா? அப்படியானால் நீ பெற்ற அதே உரிமைகளோடு, மூல நிரலையும் சேர்த்துக் கொடு. பொதுவில் எடுத்ததைத் தனியாகப் பூட்டாதே. காப்புரிமைச் சட்டம் பூட்டுவதற்காக வந்தது. அதே சட்டத்தை வைத்துத் திறந்து வைத்த சாமர்த்தியத்தை நாம் பாராட்டத்தான் வேண்டும். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை அறிவித்தார். மறு ஆண்டே அதை ஜி.பி.எல். உரிமத்தின் கீழ்க் கொண்டு வந்தார். உலகின் அதிவேகக் கணிப்பொறிகள் 500-இன் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸில் ஓடுகின்றன. நம் சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு போனுக்கு அடியிலும் அதுவே.

கம்பைல் செய்து பாருங்கள்

"திறந்துதானே கிடக்கிறது, நமக்கென்ன?" என்று இருந்துவிட்டால் அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய். ஒருமுறையாவது நம் கையால் கம்பைல் செய்து பார்க்க வேண்டும். லினக்ஸ் கெர்னல் 3 கோடி வரிகளுக்கு மேற்பட்டது. ஆனாலும் அதைக் கட்ட மேதை வேண்டியதில்லை. மூலத்தை கிட் கொண்டு இறக்கிக்கொள்ளுங்கள். வெளியிட்டவரின் கையொப்பம் சரிதானா என்று பாருங்கள். நம் எந்திரத்துக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் கன்ஃபிக் பட்டியலைத் தயார் செய்யுங்கள். முதல் முறைக்கு, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பட்டியலையே எடுத்துக்கொள்ளலாம். பிறகு 'மேக்' என்று ஒரு கட்டளை. புது எந்திரமானால் நிமிடங்கள். பழைய மடிக்கணினியானால் மணிக்கணக்கு. பழைய கெர்னலை மட்டும் அழித்துவிடாதீர்கள். புதியது எழுந்திருக்க மறுத்தால் பழையதில் திரும்பி வரலாம்.

நடுவில் நிற்கும். நிச்சயம் நிற்கும். திரையில் நூறு பிழைகள் கொட்டும். கடைசி வரியைப் பார்த்துக் கலங்க வேண்டாம். முதல் பிழையைத் தேடுங்கள். பெரும்பாலும் மற்றவை அதன் பிள்ளைகள். பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும்படி ஏவியிருந்தால் செய்திகள் ஒன்றோடொன்று கலந்து வரும். ஒற்றை வேலையாக மறுபடி ஓட்டினால் குற்றவாளி தனியே நிற்பான். பாதிக்குமேல் காரணம் அற்பமாக இருக்கும்: ஏதோ ஒரு நூலகத்தின் 'டெவ்' பொதி நிறுவப்படவில்லை, அவ்வளவுதான்.

இங்கேதான் பங்களிப்பு தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். கட்டும் முறையை விளக்கும் குறிப்பில் அந்தப் பொதியின் பெயர் இல்லையென்றால், அதைச் சேர்த்து அனுப்பலாம். அடுத்து வருகிறவர் அந்தக் கல்லில் இடறமாட்டார். பங்களிப்பு என்றவுடன் ஆயிரம் வரி எழுதும் வீரச்செயல் என்று நினைக்க வேண்டாம். பிழையைத் திரும்ப உண்டாக்கிக் காட்டும் வழியை எழுதுவதும், விளக்கக் குறிப்பைத் திருத்துவதும், மொழிபெயர்ப்பதும், பிறர் அனுப்பிய திருத்தத்தைச் சோதித்து "எங்கள் எந்திரத்தில் ஓடுகிறது" என்று சொல்வதும் பங்களிப்பே.

திருத்தம் போகும் பாதை

லினக்ஸ் கெர்னலில் ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள். திருத்தத்தைப் பேட்ச் என்பார்கள். பகுதிதோறும் ஒரு பராமரிப்பாளர் உண்டு. அவருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். எல்லோர் கண்ணிலும் படும்படி விவாதம் நடக்கும். ஒரு திருத்தத்தில் ஒரே மாற்றம் இருக்க வேண்டும். 'என்ன செய்தேன்' என்பது நிரலிலேயே தெரியும். 'ஏன் செய்தேன்' என்பதை எழுத வேண்டும். 2004 முதல் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும், இதைக் கொடுக்க நமக்கு உரிமை உண்டு என்று உறுதியளித்துப் பெயரொப்பம் இட வேண்டும்.

பராமரிப்பாளர் கேள்வி கேட்பார், திருப்பி அனுப்புவார். மனம் ஒடிய வேண்டாம். அலுவலகத்தில் மேலாளர் ஏசுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இங்கே நம் வேலையைப் படித்துப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். ஆனால் படிக்கிறவரின் நேரமும் உழைப்புதான் என்பதை நாம் மறந்துவிடலாகாது. செயற்கை அறிவு எந்திரம் எழுதித் தந்ததைத் தாமே படிக்காமல் அப்படியே அனுப்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கர்ல் திட்டத்தைப் பராமரிப்பவர் 2024 முதல் இதை வெளிப்படையாகவே முறையிட்டு வந்திருக்கிறார். நாம் விளக்க முடியாத ஒரு வரியையும் நம் பெயரில் அனுப்பக் கூடாது.

2024 மார்ச் சொன்ன பாடம்

எக்ஸ்.இசட். என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். ஏராளமான லினக்ஸ் எந்திரங்களில் அது இருக்கிறது. பல்லாண்டுகளாக அதைப் பராமரித்தவர் பின்லாந்து நாட்டவர் ஒருவர். தனியாள், கூலி இல்லை. 2021-இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். 2022-இல், முன்பின் அறியாத பெயர்களிலிருந்து "வேலை ஏன் மெதுவாக நடக்கிறது, இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடு" என்று நெருக்கடி வந்தது. இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் நினைவூட்டிப் பார்த்தார். முடிவில் ஜியா டான் கூட்டுப் பராமரிப்பாளர் ஆனார்.

2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக்கதவு இருந்தது. தொலைவிலிருந்து எந்திரத்துக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். சேவையின் வழியே, சாவி வைத்திருப்பவர் உள்ளே புகுந்து எதையும் ஏவலாம். அதை மறைத்த விதம் கவனிக்கத்தக்கது. நஞ்சு, சோதனைக் கோப்புகள் போல வேடமிட்டு மூலக் களஞ்சியத்திலேயே கிடந்தது. அதை உயிர்ப்பிக்கும் கட்டளைத் துண்டோ களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டித் தந்த மூட்டையில் மட்டும் இருந்தது. மூட்டையைப் பிரித்துக் கம்பைல் செய்தால் கதவு முளைக்கும். களஞ்சியத்தைப் படிப்பவருக்கு அந்த முடிச்சு தென்படாது.

கண்டுபிடித்தவர் போஸ்ட்கிரெஸ் திட்டத்தில் உழைக்கும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். தம் சோதனை எந்திரத்தில் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று அவருக்கு உறுத்தியது. தோண்டிப் பார்த்து 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். டெபியன், ஃபெடோரா முதலியவற்றின் சோதனைப் பதிப்புகள் வரை போயிருந்த நஞ்சு, நிலையான பதிப்புகளுக்குள் நுழையுமுன் தடுக்கப்பட்டது.

"பார்த்தீர்களா, திறந்து வைத்ததால் வந்த ஆபத்து!" என்றார்கள் சிலர். நாம் சொல்வது வேறு. திறந்திருந்ததால்தான் ஒரு வெளியாள் தோண்டிப் பார்க்க முடிந்தது. ஆனால் திறந்திருப்பது மட்டும் போதாது. மூட்டையையும் களஞ்சியத்தையும் ஒப்பிட ஆள் வேண்டும். மூலத்தை வெவ்வேறு இடங்களில் கம்பைல் செய்து, கிடைக்கும் கோப்பு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் இயக்கத்தை டெபியன் தொண்டர்கள் 2013 முதல் நடத்தி வருகிறார்கள். அதற்கும் ஆள் வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, தனியாளாக நின்ற பராமரிப்பாளருக்குப் பக்கத்தில் நல்லெண்ணத்தோடு நான்கு பேர் நின்றிருந்தால் கள்ளன் நுழைய இடமேது?

நம் நாட்டுக் கதை ஒன்று. ஆரோக்கிய சேது செயலி 2020 ஏப்ரலில் வந்தது. மக்கள் கேட்ட பிறகு, அதன் ஆண்ட்ராய்டு வடிவத்தின் மூல நிரல் 2020 மே 26 அன்று வெளியிடப்பட்டது. சர்வரில் ஓடும் பகுதி அன்று வெளியாகவில்லை. பாதி நெல்லைக் காட்டிவிட்டு மாவு சுத்தம் என்றால் எப்படிச் சோதிப்பது? திறந்த மூலம் என்ற பெயர்ப்பலகை போதாது. எடுத்து, கட்டி, ஒப்பிட்டுப் பார்க்க இடமிருக்க வேண்டும்.

நீர் பெற்றவர் யார்?

இனி மனத்தை உறுத்தும் பகுதிக்கு வருவோம். இந்தக் கூலியில்லாத உழைப்பைக் குடிமராமத்து என்று சிலர் புகழ்கிறார்கள். ஊர் கூடி ஏரியைத் தூர் வாரியது பெருமைதான். ஆனால் மண் சுமந்த எல்லோருக்கும் ஏரிக்குக் கீழே நிலம் இருந்ததா? வழக்கப்படி மராமத்து உழைப்பைத் தரத் தவறினால் அதன் மதிப்பைப் போல் இரு மடங்கு வசூலிக்க 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் வழி செய்தது. கூடை தூக்கியவர் ஒருவர்; போகம் கண்டவர் வேறொருவர் என்ற நிலையைப் பழம்பெருமை என்று பாடிக்கொண்டிருக்க முடியாது.

இங்கும் அதே நிலைதான். லினக்ஸ் கெர்னல் என்ற பேரேரிக்கு ஆள் உண்டு. அங்கே வேலை செய்வோரில் பெரும்பாலோர் நிறுவனங்களிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். வாய்க்கால்களுக்குத்தான் ஆளில்லை. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. வங்கி, அஞ்சல், கடை எல்லாவற்றின் இரகசியத்தையும் காத்து வந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். நிரலில் இரண்டாண்டாக இருந்த ஓட்டை அது. அப்போது அத்திட்டத்தில் முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் என்று அதன் அறக்கட்டளைப் பொறுப்பாளரே எழுதினார். கோடிகளில் ஈட்டியவர்கள் அந்த வாய்க்கால் நீரில் விளைந்தவர்கள்.

ஆகவே தொண்டு செய்யுங்கள் என்று மட்டும் நாம் சொல்லவில்லை; கேட்கவும் வேண்டும். ஜெர்மனி அரசு 2022-இல் பொதுப் பணத்தைக் கொண்டு இத்தகைய அடிப்படை மென்பொருளுக்கென ஒரு நிதியம் தொடங்கியது. இதே பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்குவதாக 2024-இல் அறிவித்தது. அரசு அலுவலகங்கள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 2015-இல் இந்திய அரசு கொள்கை வகுத்தது. எடுத்துப் பயன்படுத்தக் கொள்கை உண்டு. பராமரிப்பவருக்கு உரிய பங்கு எங்கே என்று கேட்பது நம் கடமை.

நம் எழுத்து

தமிழருக்கு இதில் தனி அக்கறை உண்டா? 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். கணிப்பொறியின் நினைவில் ககரம் முதலில், ஒகரக் குறி அடுத்து என்று இரண்டே எண்கள். திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். ஆண்ட்ராய்டு, குரோம், பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃபஸ் என்ற திறந்த மென்பொருள். அதில் தமிழ் உடைந்தால் எந்த நிறுவனத்தின் வாசலிலும் காத்து நிற்க வேண்டியதில்லை. பிழையைக் காட்டலாம், திருத்தலாம், கட்டிப் பார்க்கலாம். இலாபம் போதவில்லை என்று தமிழைக் கைவிட அங்கே எந்த முதலாளிக்கும் அதிகாரமில்லை. ஓப்பன் ஆபீஸை வைத்திருந்த சன் நிறுவனம் 2010-இல் ஆரக்கிள் கைக்குப் போனது. உழைத்தவர்கள் அதே ஆண்டு மூலத்தை எடுத்துக்கொண்டு வெளியேறி லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். வீட்டுக்காரர் மாறினார், குடியிருந்தவர்கள் வீட்டையே கையோடு எடுத்துப் போனார்கள். உரிமம் தந்த பலம் அது.

நாம் செய்ய வேண்டியது

முதலாவதாக, வேலைக்குச் சேரும்போது ஒப்பமிட்ட தாளை எடுத்துப் படியுங்கள். 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால் வேலையின் போக்கில் எழுதியது முதலாளிக்கே சொந்தம். சில ஒப்பந்தங்கள் வீட்டில் எழுதியதையும் கேட்கின்றன. எழுத்து மூலமான அனுமதி வாங்குங்கள். தனியே கேட்கத் தயங்குகிறவர்கள் சேர்ந்து கேளுங்கள். நிறுவனம் பயன்படுத்தும் திறந்த மென்பொருளின் பிழையை வேலை நேரத்திலேயே திருத்தித் திருப்பி அனுப்பும் உரிமையையும் கேளுங்கள். அது சலுகை அல்ல. நிறுவனம் பட்டிருக்கும் கடன்.

இரண்டாவதாக, நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு சிறு மென்பொருளைத் தேர்ந்தெடுத்து நால்வர் நால்வராகப் பொறுப்பேற்போம். கட்டிப் பார்ப்பது ஒருவர், விளக்கம் எழுதுவது ஒருவர், சோதிப்பது ஒருவர், தமிழாக்குவது ஒருவர். பேரேரிக்கு ஓட வேண்டாம். ஆளில்லாத வாய்க்காலுக்குப் போவோம்.

மூன்றாவதாக ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஓய்வு நேரத்தில் செய்யலாம் என்கிறோம். ஓய்வு எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கிறதா? இதே தொழிலில் இருக்கும் நம் சகோதரிகள் அலுவலகம் முடிந்து அடுப்படிக்குப் போகிறார்கள். இந்த அறையில் அவர்கள் எண்ணிக்கை எவ்வளவு என்று திரும்பிப் பாருங்கள். கூட்டம் நடக்கும் நாட்களில் பக்கத்து அறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் முறையை ஆண் உறுப்பினர்கள் ஏற்க வேண்டும். அது இல்லாமல் 'எல்லோரும் வரலாம்' என்பது வெறும் வாய்ச்சொல்.

பொதுச் சொத்து என்று ஒன்று தானாக நிலைத்திருப்பதில்லை. அதைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இருக்கும்வரை பொது. இல்லாத நாளில் கைவலுத்தவர் சொத்து, அல்லது கள்ளர் நுழையும் திறந்த வீடு. அடுத்த கூட்டத்துக்கு உங்கள் பழைய மடிக்கணினிகளைக் கொண்டு வாருங்கள். முதலில் கட்டுவோம். கட்டும்போது எது உடைகிறதோ அதுவே நம் முதல் வேலை.